காலையில் நேர், மாலையில் கோணல்

செறுவத்தேரி
6 ஜனவரி 2014

பார்கவி டீச்சருக்கு,

வறீதுட்டி எழுதுகிறேன். நம் வீடுகளுக்கு நடுவே ஒரு வாய்க்காலும் இரண்டு வேலியும்தான் இருக்கின்றன. இருந்தாலும் எழுதுகிறேன். நேற்று ஒத்திகையில் நீங்கள் சொன்னதற்குப் பிறகு உங்களோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன். எழுதுவதில்லை என்று முடிவெடுக்கவில்லை. வாயனசாலையில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் லதிகாவிடம் கொடுத்தால் புத்தகத்தோடு புத்தகமாக உங்கள் கைக்கு வந்துவிடும்.

பதினான்கு பெண்கள் செண்டையும் தாளமுமாக நிற்க, வாசலில் பாதி ஊர் நிற்க, "கரண்டுக் கம்பத்துல ஏறத் தெரிஞ்சா போதுமா, தாளத்துல ஏறத் தெரிய வேணாமா?" என்று கேட்டீர்கள். சாயக்கடை தேவஸ்ஸி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

டீச்சர், ஊரெல்லாம் பூரத்துக்குப் போனது மேளம் கேட்க. நான் போனது டிரான்ஸ்ஃபார்மருக்குக் காவல் நிற்க. நின்ற இடத்திலேயே கேட்டுக் கற்றேன். யாரும் சொல்லித் தரவில்லை. கம்ப்யூட்டரும் அப்படித்தான். மேளத்தை அதில் எழுதிவைக்கலாம் என்று கண்டுபிடித்தது நான். மலையாள எழுத்து ஒன்று ஒல்லி, ஒன்று தடி, வரிசையில் நிற்காது என்று இங்கிலீஷ் எழுத்தை வைத்து, ஓர் அட்சரத்துக்கு ஓர் இடம் என்று கட்டம் பிடித்ததும் நான். மேல் வரி செண்டை, நடு வரி ஒரே சீராகக் கொட்டும் வலந்தலை, கீழ் வரி வெண்கல இலைத்தாளம். மேலிருந்து கீழே விரலை இறக்கினால் எதோடு எது சேர்ந்து விழ வேண்டும் என்று தெரிந்துவிடும்.

வாயனசாலைக் கம்ப்யூட்டரில் என் அக்கவுன்டில் அந்தக் கோப்பு நூல் பிடித்தாற்போல நிற்கிறது. நீங்கள் உங்கள் அக்கவுன்டில் திறந்து அச்செடுத்துக் கொடுத்த தாளில் இலைத்தாள வரி முழுக்கத் தள்ளிக் கிடக்கிறது. ரேஷன் கடை ஷைனி பாவம், தாளில் இருந்தபடி தாளத்தை அடித்தாள். நீங்கள் கோப்பைக் கலைத்திருக்கிறீர்கள். வேறு காரணம் இருக்க முடியாது.

அக்கவுன்ட் இரண்டானதே உங்களால்தான். என் திரை கறுப்பு, எழுத்து பச்சை என்பதற்காக, "மரண அறிவிப்பு போர்டு மாதிரி இருக்கு" என்று வாயனசாலைக் கமிட்டியில் புகார் கொடுத்தீர்கள். செக்ரட்டரி ராமன்குட்டி சொத்துப் பாகம் பிரிப்பது போல உங்களுக்குப் புதிதாக ஒன்று திறந்து, காலை எனக்கு, மாலை உங்களுக்கு என்று தீர்ப்பு எழுதினார்.

பிப்ரவரி பதினாறு ஆண்டுவிழா. பஞ்சாரி மேளத்தை முடித்து நிறுத்த நாம் இருவரும் கட்டிய புதுக் கலாசத்தை அந்தப் பெண்கள் அன்று கொட்ட வேண்டும். பெண்கள் கொட்டுவதையே பொறுக்காதவர்கள் முன்னால், யாரும் கேட்டிராத கலாசம். ஓர் இடம் தப்பினால் போதும். அடுத்த வருஷம் அவர்கள் யாரும் செண்டையைத் தோளில் மாட்ட மாட்டார்கள்.

அதனால் கோப்பைத் தொடாதீர்கள்.

வறீதுட்டி
ஓய்வு பெற்ற லைன்மேன்


8 ஜனவரி 2014

ஸ்ரீ வறீதுட்டி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் எழுத்துப்பிழைகள் ஏழு. திருத்தி வைத்திருக்கிறேன். தேவையென்றால் லதிகாவிடம் வாங்கிக்கொள்ளலாம்.

நான் கலைக்கவில்லை. சனிக்கிழமை மாலை திறந்தேன், அச்செடுத்தேன், மூடினேன். கொடுப்பதற்கு முன் ஒரு முறை வாசித்திருக்க வேண்டும். வாசிக்கவில்லை. ஹிந்தி வாத்தியாராக இத்தனை வருஷம் இருந்தவள் செய்யக் கூடாத காரியம் அது.

நான் பேசியதைப் பற்றி. தேவஸ்ஸி மதிலில் சாய்ந்துகொண்டு, "டீச்சரே, மேளமா இது, தகரக் கூரையில மாங்கா விழுதா?" என்று கேட்டான். பெண்கள் தலை குனிந்தார்கள். அந்தக் கோபம் உங்கள் பக்கம் பாய்ந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

ஆனால் நீங்கள் செய்வதும் நியாயமில்லை. திங்கள் மாலை முழுக்க உட்கார்ந்து வரிவரியாக நேராக்கிவிட்டுப் போனேன். செவ்வாய் மாலை திறந்தால் மறுபடி கோணல். நேராக்கினேன். இன்றும் கோணல், இன்றும் நேராக்கினேன். பகலில் அந்தக் கோப்பில் கை வைப்பவர் ஊரில் ஒரே ஒருவர்தான்.

நான் கோயிலில் செண்டை கொட்டும் மாரார் வீட்டில் பிறந்தவள். அண்ணன்மார் முற்றத்தில் கருங்கல்லின் மேல் புளியங்கம்பால் கொட்டிப் பழகும்போது நான் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டே எண்ணினேன். ஒரு நாள் கம்பை எடுத்து ஓங்கியபோது அம்மா பிடுங்கிக்கொண்டாள். "உனக்கெதுக்குடி அது? சோறு வடி." செண்டை என் தோளில் ஏற எனக்கு அறுபது வயது ஆக வேண்டியிருந்தது. ஷைனிக்கும் மற்றவர்களுக்கும் அவ்வளவு காத்திருப்பு வேண்டாம் என்றுதான் இந்தக் குழுவே. அதை நீங்கள் வேண்டுமென்று கெடுப்பீர்கள் என்று நம்ப மனம் வரவில்லை. கண் பார்ப்பதை என்ன செய்வது?

பார்கவி மாராஸ்யார்


9 ஜனவரி 2014

டீச்சர்,

பிழைகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வதைக் கவனமாகப் படிக்கவும். செவ்வாய்க்கிழமை காலை நான் திறந்தபோது கோப்பு கோணல். உட்கார்ந்து நேராக்கினேன். புதன் காலை மறுபடி கோணல். நேராக்கினேன். இன்று காலையும் அதே கதை. உங்களைத் திட்டிக்கொண்டே நேராக்கினேன். வெளியே வந்தால் லதிகா உங்கள் கடிதத்தைக் கொடுக்கிறாள். அதில் நீங்கள் தினமும் நேராக்கியதாக எழுதியிருக்கிறீர்கள்.

இருவரும் நேராக்கி ஒரு கோப்பு எப்படிக் கோணலாகும்?

லைனில் பழுது எங்கே என்று தெரியாவிட்டால் முதல் வேலை எல்லோரும் கையை எடுப்பது. ஒருவன் கம்பத்தில் இருக்கும்போது இன்னொருவன் கீழே ஃபியூஸ் போடக் கூடாது. அதைத்தான் நாம் நாலு நாளாகச் செய்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. திரும்பப் போய், இன்று காலை நேராக்கியதை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிட்டேன். படிக்கலாம், எழுத முடியாது. நீங்களும் முடியாது, நானும் முடியாது.

உங்கள் அக்கவுன்டில் திறந்து பாருங்கள். லதிகா பக்கத்தில் சாட்சியாக நிற்கட்டும். கோப்பின் அளவு எத்தனை என்று காட்டும் எண்ணையும் குறித்து அனுப்புங்கள். நேராக இருந்தால் இத்தனை நாள் கலைத்தது நீங்கள். கோணலாக இருந்தால்...

கோணலாக இருக்காது.

வறீதுட்டி


11 ஜனவரி 2014

வறீதுட்டி சேட்டனுக்கு,

கோணல்.

அளவு எண் உங்கள் அக்கவுன்டில் காட்டுவதும் என்னுடையதில் காட்டுவதும் ஒன்றே. லதிகாவே இரண்டிலும் பார்த்தாள். நீங்கள் பூட்டியதிலிருந்து ஒரு புள்ளிகூட யாரும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. காலையில் உங்கள் கறுப்புத் திரையில் அதே கோப்பு அணிவகுப்புப் போல நேராக நின்றதையும் அவள் பார்த்திருக்கிறாள். "எனக்கு இதுல ஒண்ணும் புரியல டீச்சர். சாட்சி சொல்லணும்னா சேட்டன் கிட்ட நேர்னு சொல்வேன், உங்க கிட்ட கோணல்னு சொல்வேன். ரெண்டும் சத்தியம்" என்கிறாள்.

எனக்கு அதோடு விட மனமில்லை. ராமன்குட்டியைக் கூப்பிட்டு, யாருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது அக்கவுன்ட் ஒன்று திறக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே திறந்தார். "இன்னும் எத்தனை பாகம் பிரிக்கணும் டீச்சரே? இருக்கறது ஒரு கம்ப்யூட்டர்!" அதில் கோப்பைத் திறந்தோம்.

அதிலும் கோணல். என்னுடையதில் எப்படியோ அப்படியே.

மூன்றில் இரண்டு ஒரே மாதிரி காட்டுகின்றன. ஒன்றுதான் தனியாக நிற்கிறது. அது யாருடையது என்று எழுத வேண்டியதில்லை.

பார்கவி


13 ஜனவரி 2014

டீச்சர்,

தாளத்தை ஓட்டெடுப்பில் முடிவு செய்யும் வழக்கம் எப்போது தொடங்கியது? உங்கள் அக்கவுன்டும் ராமன்குட்டி திறந்ததும் நேற்றுப் பிறந்த பிள்ளைகள். ஒன்றும் தெரியாத இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னால் அது சரியாகிவிடுமா? பரீட்சையில் உங்கள் பிள்ளைகள் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதினால் நீங்கள் மார்க் போடுவீர்களா?

ஆனாலும் பழுது தேடுவதைப் பாதியில் விட்டு இறங்குகிறவன் நான் இல்லை. எடிட்டரில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளைக் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முதலில் முக்காற்புள்ளியை அழுத்த வேண்டும். அழுத்தாமல் தட்டினால் கட்டளை கோப்புக்குள் எழுத்தாக விழும். பூட்டியிருப்பதால் இப்போது விழாது. உங்கள் திரையில் இலைத்தாள வரியில் என்னென்ன தெரிகிறது என்று ஒன்று விடாமல் எழுதுங்கள்.

என் அக்கவுன்டில் பழுது என்று மட்டும் ஊரில் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். தேவஸ்ஸி ஏற்கெனவே, "மாப்ளே, உங்க கம்ப்யூட்டர் மட்டும் தனிக் கட்சியாமே!" என்கிறான்.

வறீதுட்டி


16 ஜனவரி 2014

வறீதுட்டி சேட்டனுக்கு,

நீங்கள் எழுதிய கட்டளை முதல் தடவையே வேலை செய்தது. அதைச் சொல்லிவிட வேண்டும்.

என் திரையில் இலைத்தாள வரி முழுக்கச் சின்னச் சின்ன அம்புக்குறிகள் முளைத்தன. நீங்கள் இடம் விடுவதற்கு டேப் கீயை அழுத்திய இடங்கள் அவை. நான் நேராக்கிய இடங்களில் அம்பு இல்லை, புள்ளிகள் இருந்தன. நான் இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டி நகர்த்தியவை. நிறைய இடங்களில் அம்பும் புள்ளியும் கலந்து கிடந்தன. பார்க்கவே நம் சண்டை போல இருந்தது.

உங்கள் அம்பு ஒவ்வொன்றும் என் திரையில் எட்டு இடம் தாண்டுகிறது. உங்கள் திரையில் எவ்வளவு தாண்டுகிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதனால் உங்கள் எடிட்டரின் அமைப்புக் கோப்பைப் படித்தேன். பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்து மறைத்து வைத்திருக்கிறீர்கள், ஆனால் கதவு பூட்டவில்லை. எல்லாவற்றையும் அச்செடுத்து, சிவப்பு மையால் திருத்தினேன். பழக்கம்.

முதல் வரியில் உங்கள் குறிப்பு: "யாரும் தொடக் கூடாது. ஷாக் அடிக்கும்." நடுவில் திரை கறுப்பு, எழுத்து பச்சை. அதன் கீழே, நீங்களே எழுதியது: "டேப்புக்கு நான்கு இடம் போதும். எட்டு தண்டச் செலவு." தேதி 2009.

என் அக்கவுன்டில் அமைப்புக் கோப்பே இல்லை. எடிட்டர் பிறந்தபோது எப்படியோ அப்படியே இருக்கிறது. எட்டு.

இன்னொரு வரியும் இருக்கிறது: "பழைய பிரதி எடுத்து வைக்காதே. குப்பை சேரும்." அதைப் படித்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

பார்கவி


18 ஜனவரி 2014

டீச்சர்,

கதவு பூட்டவில்லை என்பதற்காக ஒருவன் வீட்டுக்குள் போய்ப் பானையைத் திறந்து பார்ப்பதா? அதிலும் சிவப்பு மையா? இதற்குத் தனியாக ஒரு நாள் கணக்குத் தீர்ப்பேன்.

இங்கிலீஷ் புத்தகமும் அகராதியுமாக ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதிய அமைப்பு அது. நாலு வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஒரு வரியை நான் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. அக்கவுன்ட் ஒன்றாக இருந்தவரை அந்த வரி யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. நீங்கள் உட்கார்ந்தாலும் நான் உட்கார்ந்தாலும் ஒரே கண்ணால்தான் பார்த்தோம்.

இப்போது எனக்கு விஷயம் தெளிவு. டேப் கீயை அழுத்தினால் கோப்பில் விழுவது ஒரே ஒரு குறி. "அடுத்த அடையாளத்துக்குப் போ" என்கிறது, அவ்வளவுதான். அடையாளம் எங்கே நட்டிருக்கிறது என்பது கோப்பில் இல்லை, அவரவர் அமைப்பில் இருக்கிறது. கம்பத்துக்குக் கம்பம் தூரம் எனக்கு நான்கு, உங்களுக்கு எட்டு. அதே கம்பி எனக்கு இழுத்துக் கட்டியது போலவும் உங்களுக்குத் தொய்ந்தது போலவும் தெரியும். நீங்கள் உங்கள் கண்ணுக்கு இழுத்தீர்கள், நான் என் கண்ணுக்கு இழுத்தேன். இதில் என் பக்கம் பழுது என்று எதுவும் இல்லை. உங்கள் பக்கமும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நான் எட்டுக்கு மாற மாட்டேன். நீங்கள் நான்குக்கு மாற மாட்டீர்கள் என்று தெரியும். அதனால் அம்புகள் எல்லாவற்றையும் வெறும் இடைவெளிகளாக மாற்றி எழுதிவிட்டேன். இனி தூரம் கோப்புக்குள்ளேயே இருக்கும். எவன் திறந்தாலும், எந்த அக்கவுன்டில் திறந்தாலும் ஒரே மாதிரி நிற்கும். இது என் யோசனை.

கலாசத்தின் கீழ் வரி மட்டும் இருவர் கையும் பட்டுக் குழம்பிக் கிடந்தது. நினைவிலிருந்து சரி செய்தேன். இலைத்தாளத்தை அடைத்து நிறுத்தும் அடி நான்காவது அட்சரத்தில். பூட்டைத் திறந்துவிட்டேன். அச்செடுத்துக் கொடுங்கள்.

வறீதுட்டி


20 ஜனவரி 2014

வறீதுட்டி சேட்டனுக்கு,

திறந்தேன். நேராக நிற்கிறது. ராமன்குட்டியின் மூன்றாவது அக்கவுன்டிலும் நேர். லதிகா கைதட்டினாள்.

ஆனால் அச்செடுக்கவில்லை. அந்த அடி நான்கில் இல்லை, ஆறில். செண்டை முழுச் சுற்றும் முடிந்த பிறகுதான் இலைத்தாளம் வாயை மூட வேண்டும். போன ஓணத்தின்போது வாயனசாலை மேஜையில் தட்டிக் கட்டினோமே, அன்று நான் இதைத்தான் சொன்னேன். எனக்கு நேற்று நடந்தது போல நினைவிருக்கிறது.

சண்டைக்கு முன்னால் கொடுத்த பழைய தாள்களைத் தேடினேன். புதுத் தாள் கொடுத்த அன்றே ராமன்குட்டி பழையதை எல்லாம் வாங்கி எரித்துவிட்டாராம். "ரெண்டு தாள் இருந்தா குழப்பம் வரும்ல டீச்சரே, அதான்!" பழைய பிரதி எடுத்து வைக்க வேண்டாம் என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டவர் நீங்கள். ஆக, இப்போது எங்கும் இல்லை.

ஆறு. தயவுசெய்து மாற்றுங்கள்.

பார்கவி


22 ஜனவரி 2014

டீச்சர்,

நான்கு. செண்டை உச்சியில் நிற்கும்போதே அடைத்தால்தான் வெட்டியது போல நிற்கும். ஆறில் அடைப்பது பஸ் போன பிறகு கை காட்டுவது. அன்று மேஜையில் நான் தட்டியது நான்கு. எனக்கும் நேற்று நடந்தது போலத்தான் இருக்கிறது.

வறீதுட்டி


27 ஜனவரி 2014

வறீதுட்டி சேட்டனுக்கு,

கோபப்படாமல் கடைசி வரை வாசிக்க வேண்டும்.

நேற்று ஒத்திகைக்குத் தாளே கொடுக்கவில்லை. ஷைனியைத் தனியாக நிறுத்தி, "உனக்கு எது சரின்னு தோணுதோ அதை அடிக்காதே. டிசம்பர்ல எப்படி அடிச்சியோ அப்படி அடி" என்றேன். "அதெல்லாம் ஞாபகம் இல்ல டீச்சர்" என்றாள். "உன் ஞாபகத்தை யார் கேட்டா? கையைக் கேட்டேன்" என்றேன். செண்டைக்காரிகளைக் கொட்டச் சொன்னேன். அவள் மூட்டை எடை போடும்போது நிற்பாளே, அந்த மாதிரி காலை அகட்டி நின்று அடித்தாள்.

நான்கும் இல்லை. ஆறும் இல்லை. ஐந்து.

மறுபடி அடிக்கச் சொன்னேன். ஐந்து. வலந்தலைக்காரிகள், "அதான் டீச்சர், அதான்!" என்று கத்தினார்கள். அப்போதுதான் எனக்கு அந்த ஓண மாலை முழுதாக நினைவு வந்தது. நீங்கள் நான்கு என்றீர்கள். நான் ஆறு என்றேன். சாயா ஆறிப்போகும் வரை வாதாடினோம். நீங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள். நானும் எழுந்தேன். வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "சரி, ரெண்டு பேரும் தோத்துட்டு நடுவுல வைப்போம்" என்று நம்மில் யாரோ சொன்னோம். யார் என்பது நினைவில்லை. நீங்களாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பெரிய மனது அன்று இல்லை.

நாம் இருவரும் அவரவர் வாதத்தை நினைவில் வைத்துக்கொண்டோம், முடிவை மறந்துவிட்டோம். அந்தப் பெண்கள் முடிவை மட்டும் கற்றுக்கொண்டார்கள்.

ஐந்து என்று மாற்றி அச்செடுத்துவிட்டேன்.

பார்கவி


29 ஜனவரி 2014

டீச்சர்,

வாசல் வரை போனது உண்மை. திரும்பி வந்தது உண்மை. திரும்பி வந்தது என் குடையை எடுக்க.

நடுவில் வைப்போம் என்று நான் சொன்னதாக எனக்கு நினைவில்லை. நடுவில் வைக்கும் ஆளா நான்? கமிட்டியில் கேளுங்கள். மின்வாரியத்தில் கேளுங்கள். என் வீட்டில் கேளுங்கள்.

ஐந்து என்பது சமரசம். சமரசத்தைக் கேட்டால் காதுக்குத் தெரிந்துவிடும். ஊர் கூடி நிற்கும் இடத்தில் பாதி மனதோடு ஓர் அடி விழுந்தால் அந்தப் பெண்களைத்தான் கிழிப்பார்கள், உங்களையோ என்னையோ அல்ல. அதைத் தடுக்க வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. பதினாறாம் தேதி நான் வருவேன். ஐந்தில் அடைத்தால் அங்கேயே பெஞ்சின் மேல் ஏறி நின்று, இது தவறு, நான் கட்டிய கலாசம் இது அல்ல என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். பிறகு குறை சொல்லக் கூடாது.

வறீதுட்டி


10 பிப்ரவரி 2014

வறீதுட்டி சேட்டனுக்கு,

உங்கள் கடிதத்தைப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். வாசிக்க வேண்டாம் என்று பத்து நாள் வைத்திருந்தேன். கொட்டப் போவது அவர்கள், தெரியாமல் நிற்கக் கூடாது என்று தோன்றியது.

நான்காக மாற்றட்டுமா என்று கேட்டேன். உங்களுக்குப் பயந்து கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். பயந்துதான் கேட்டேன். ஷைனி சொன்னாள்: "சேட்டன் ஏறி நின்னு சொல்லட்டும் டீச்சர். நாங்க நிறுத்த மாட்டோம். எங்க சத்தத்துக்கு மேல அவர் சத்தம் கேக்குதான்னு பாக்கலாம்."

மாலை நான்கு மணிக்குத் தொடக்கம். முன்வரிசையில் பெஞ்சு போடச் சொல்லியிருக்கிறேன். பழையது ஆடுகிறது, அதனால் புதியது.

பார்கவி


17 பிப்ரவரி 2014

பார்கவி டீச்சருக்கு,

நேற்றைய மேளத்தைப் பற்றி.

முதலில் குறைகள். நோட்டீசில் கலாசம் அமைத்தவர்கள் என்று உங்கள் பெயருக்குக் கீழே என் பெயர். அகர வரிசைப்படி என்று ராமன்குட்டி சொல்கிறார். எந்த அகர வரிசையிலும் ப முதலிலும் வ பிறகும்தான் வரும் என்று எனக்கும் தெரியும், ஆனால் வயது வரிசை என்று ஒன்று உண்டு. மைக் வைத்திருக்கக் கூடாது. செண்டைக்கு எதற்கு மைக்? இரண்டாம் காலத்தில் வலந்தலைக்காரி ஒருத்தி அவசரப்பட்டாள். பிறகு அவளே பிடித்துக்கொண்டாள்.

நான் சொல்ல வேண்டியதை மனதில் எழுதி வைத்துக்கொண்டுதான் வந்தேன். பெஞ்சில் உட்காரவில்லை, பக்கத்தில் நின்றேன். மேளம் வேகமான ஐந்தாம் காலத்துக்கு ஏறியபோதே மதிலோரம் நின்றவர்களின் கேலி அடங்கிவிட்டது. பூரத்தில் பார்த்திருக்கிறேன், கூட்டம் ஒரு மேளத்தை ஏற்றுக்கொள்ளும்போது முதலில் பேச்சு நிற்கும், பிறகு கை எழும். நேற்றும் அப்படித்தான். கலாசம் தொடங்கியது. முதல் சுற்றில் யாருக்கும் எங்கே விழும் என்று தெரியாது. எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். பின்னால் யாரோ, "இது எந்த ஊர்க் கலாசம்யா? கேட்டதே இல்லியே!" என்றான். இரண்டாவது சுற்றில் நூறு கைகள் மேலே போயின. என் கையும்.

என் கை நான்கில் இறங்கியது. தனியாக.

மூன்றாவது சுற்றிலும் அப்படியே. தேவஸ்ஸி பக்கத்தில்தான் நின்றான். "என்ன மாப்ளே, கை முன்னாடியே விழுது? பஸ்ஸ நிறுத்தறீங்களா?" என்றான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கை விழுந்ததற்கும் ஷைனியின் தாளம் அடைபட்டதற்கும் நடுவே ஓர் இடம் இருந்தது. அந்த ஒரே ஓர் இடத்தில் செண்டைக்காரிகள் பத்துப் பேரும் அடியை உருட்டிக் கொண்டுவந்து தாளத்தின் மேல் போட்டார்கள். அந்த உருட்டை நானும் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. கோப்பில் இல்லை. இன்று காலை திறந்து பார்த்தேன், அங்கே வெறும் இடைவெளிதான் இருக்கிறது. அவர்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். நான்கில் அடைத்திருந்தால் அதற்கு இடமே கிடையாது. ஆறுக்கு விட்டிருந்தால் அது சிந்திப் போயிருக்கும்.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெரிய மேளக்காரர்களுக்குக் கீழே நின்று கேட்டிருக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரை மறந்து நின்ற நாள்கள் உண்டு. ரேஷன் கடையில் எடை போடுகிறவளும், தையல்காரியும், இரண்டு அங்கன்வாடி டீச்சர்களும் சேர்ந்து என்னை அப்படி நிறுத்துவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் கேஸ் போட்டிருப்பேன்.

நான்காவது சுற்றில் என் கை எங்கே விழுந்தது என்பதை நீங்கள் மேடையிலிருந்து பார்த்ததாக லதிகா சொல்கிறாள். பார்த்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோப்பில் அந்த உருட்டை எழுதிச் சேர்த்திருக்கிறேன். இடைவெளிக் கட்டையால்தான் எழுதினேன், உங்கள் அக்கவுன்டிலும் நேராகத்தான் தெரியும். மேலே கட்டியவர்கள் பெயர் இருக்கும் இடத்தில் பதினான்கு பெயர்களையும் போட்டிருக்கிறேன். ஒரு பெயரில் எழுத்துப்பிழை இருக்கலாம், திருத்துங்கள்.

நான்கு தவறு என்று நான் எழுதவில்லை. ஐந்து நன்றாக இருந்தது என்று எழுதுகிறேன்.

வறீதுட்டி